கைக்கடிகாரம் சொன்ன பத்து கிலோமீட்டர்

சாலையை அளப்பவனுக்குக் கஷ்டம் அளக்கும்போது இல்லை. அளந்து முடித்த பிறகுதான். வேலையை முடித்துக் கொடுத்த பின்னால் "இது சரிதானா?" என்று கேட்க உங்களுக்கும் ஒருவர் வருவார் என்றால், நீங்களும் என் கட்சி.

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட். அது முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில், தூக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, தாம்பரத்தில் ஓடுகிற ஒரு குழுவுக்குப் பந்தயப் பாதை அளந்து கொடுக்கிறேன். நானாகப் படித்துக் கற்றுக்கொண்டது. சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவி. வளைவுகளில் ஓரத்தை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியில் ஓட்டி அளக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

மேம்பாலத்துக்கு அடியில்

பந்தயம் ஓடி முடித்த ஒருவர், தன் வாட்ச் பத்துக்கு மேல் காட்டுகிறது என்று போனை நீட்டினார். பாலத்துக்கு அடியில் ஜி.பி.எஸ். சிக்னல் தடுமாறி, அவர் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு கட்டிடங்களுக்குள் புகுந்து ஓடியதாக வரைபடம் காட்டியது. அந்தக் கோணல்மாணல்தான் கூடுதல் தூரம் என்று பொறுமையாக விளக்கினேன். என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், என் வாட்ச் முப்பதாயிரம். இது எவ்ளோ?"

இரண்டு கை, இரண்டு தூரம்

பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள் இருவர். தோளோடு தோள் உரசி ஓடினார்கள். ஒருவர் வாட்சில் 10.12 கிலோமீட்டர், இன்னொருவர் வாட்சில் 10.31. எது சரி என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றேன். ஒருவர் மற்றவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ நாம ஒண்ணா ஓடலையா மச்சான்?"

ரஹ்மத் அக்கா

பல்லாவரத்தில் தோல் பை கடை வைத்திருப்பவர். ஐம்பது தாண்டியாயிற்று. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாக ஒரே வைராக்கியம். போன பந்தயத்தில், செம்பாக்கம் ஏரிப் பக்கம் முடிவுக் கோட்டில் நான் நின்றிருந்தேன். தூரத்தில் அக்கா வந்தார். என் கையில் ஐம்பத்தெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை முடித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது சட்டென்று நின்றார். கடிகாரத்தை அழுத்தினார். இரண்டு கையையும் தூக்கினார். அவர் கடிகாரத்தில் பத்து முடிந்துவிட்டது.

"அக்கா, ஓடுங்க! இன்னும் முடியல!" என்று கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தார். சிரித்துக்கொண்டே நடந்து வந்து கோட்டைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் கடந்து ஒரு நிமிஷம்.

குழுச் செயலாளர் என்னை ஓரமாக இழுத்தார். "எல்லா வாட்சும் கூடத்தானே காட்டுது? கோடு தப்புன்னு சொல்லிட்டா அக்காவுக்கு ஐம்பத்தெட்டுன்னே எழுதிரலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, மறைக்கவில்லை. அதற்குள் அக்கா காதில் விழுந்துவிட்டது. வியர்வை வழிய வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"கோடு இருந்த எடத்துலதான் இருக்கு தம்பி. நான்தான் முன்னாடியே நின்னுட்டேன்."

இத்தனை வருஷத்தில் என் அளவை நம்பியவர் ஒரே ஒருவர். அதனால் நஷ்டப்பட்டவரும் அவர் ஒருவர்தான்.