அக்காவின் முன்பல்

எங்கள் அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று முப்பது தறி என் பேரில் ஓடுகிறது. இதையும் நானேதான் எழுதினேன். எழுத்துப் பிழையை மட்டும் மருமகப்பிள்ளை திருத்தினார்.

அக்கா பிறந்தது பிள்ளையார்பாளையத்தில். அப்பா போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. அம்மாவோடு தறியில் உட்கார்ந்து என்னை ஆளாக்கினார். மாமா சீக்கிரமே காலமான பிறகு, ஒரே மகளையும் நெய்தே படிக்க வைத்தார். கோபம் அறியாதவர். தெருவில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாலும் அக்காதான் பாடுவார். மாப்பிள்ளை வீட்டாரை அவர் பாட்டிலேயே கிண்டல் செய்வதைக் கேட்க ஆண்களும் வாசலில் நிற்போம்.

பட்டு நூலோ ஜரிகையோ, அக்கா முன்பல்லால் கடித்துத்தான் அறுப்பார். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அந்தப் பல்லைச் சொத்தை பாதி தின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவர் அம்மா ரூட் கேனால் செய்து வலியை நிறுத்தினார். "இந்தப் பல்லுல இனிமே உயிர் இல்லம்மா. உடையறதுக்குள்ள மேல உறை மாதிரி கேப் போட்டுடுங்க" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் நான் பெரிய மனுஷனாகத் தீர்ப்புச் சொன்னேன். "வலிதான் போயிடுச்சேக்கா. செத்த பல்லுக்கு இன்னாத்துக்குச் சட்டை? இனிமே தைரியமா கடி, வலிக்கவே வலிக்காது."

அக்கா என் பேச்சைத் தட்டியதே இல்லை.

மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜரிகை இழையைக் கடித்தவர் கையில் பல் உடைந்து விழுந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான் சபையில நிக்க மாட்டேன்பா. நலங்குக்கு வேற யாரையாவது பாடச் சொல்லு."

"நீ பாடலன்னா எனக்கு நலங்கே வாணாம்மா" என்று மகள் அழுதுவிட்டாள்.

உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அக்காவை அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "இத்த ஒட்டிக் குடுங்கம்மா" என்றேன்.

அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "ஒட்டினா நிக்காதுங்க. ஆனா வேர் நல்லா இருக்கு. ஈறுக்கு மேல சுத்திவரக் கொஞ்சம் பல்லும் மிச்சம் இருக்கு. வேருக்குள்ள போஸ்ட்னு ஒரு சின்னக் கம்பி வச்சு, அதுமேல கட்டி, கேப் போட்டுடலாம்."

"கம்பி வச்சா பல்லு இரும்பாட்டம் ஆயிடும், இல்ல?" என்று கேட்டேன்.

"ஆகாதுங்க. போஸ்ட் பலம் குடுக்காது, மேல கட்டுறதைப் பிடிச்சுக்கும், அவ்ளோதான். மிச்சம் இருக்கிற பல்லுதான் கேப்பைத் தாங்கணும். அன்னைக்கே போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. யாரு வேணாம்னு சொன்னது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "நாந்தாம்மா. சோம்பேறித்தனம்" என்றார் அக்கா.

மூன்று முறை போய் வந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கேப் ஒட்டினார்கள். எது சொந்தப் பல் என்று எனக்கே தெரியவில்லை. நலங்கன்று அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பாடினார். மாப்பிள்ளை வீட்டாரை முடித்துவிட்டு, தாய்மாமன் பெரிய டாக்டர் என்று என்னையும் ஒரு வரி இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு நூலை அறுக்கக் கத்தரிக்கோலைத்தான் எடுத்தார். போன வருடம் நெஞ்சுவலியில் படுத்தபோது, நர்ஸ் பல்செட்டைக் கழற்றச் சொன்னார். "கழட்ற பல்லு இல்லம்மா, வேர்லயே நிக்குது" என்றார் அக்கா. நான்கு நாளில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், தறியை நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்த நெசவாளத் தம்பிகளுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பல் மருத்துவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. கேப் வேண்டாம் என்றது அக்கா இல்லை, நான்தான். இந்த மலரின் முதல் பிரதியை அவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.