கூடையில் போட்டுக் காத்திருக்கும் மாமா

ஆன்லைன் கடையில் செருப்பின் அளவைச் சரிபார்த்து, நிறத்தை இரண்டு முறை மாற்றி, முகவரியையும் நிரப்பிவிட்டு, பணம் கட்ட வேண்டிய இடத்தில் மாமா போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "வாங்கலையா மாமா?" என்று கேட்டால் சிரிக்கிறார்.

"கூடையில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடணும். ரெண்டே நாள்ல, 'எங்க சார் போயிட்டீங்க'ன்னு கடைக்காரனே கூப்பனைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான் பாரு."

ஓடித்தான் வருகிறான்.

மாமா லிஃப்ட் மெக்கானிக், எங்களுக்கு எதிர்வீடு. கைவிரல்களில் எப்போதும் கிரீஸ் ஒட்டியிருப்பதால் போனைச் சுண்டுவிரலால்தான் தொடுவார். ஐந்து மின்னஞ்சல் முகவரிகள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பிறந்த தேதி கொடுத்திருக்கிறார். "ஊருக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு பொறந்தநாள். எனக்கு ஏழு. ஏழுக்கும் தள்ளுபடி." கேஷ்பேக் செயலி வழியாக ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டால் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. நடுவில் வேறு எதையாவது தொட்டால் கேஷ்பேக் ஏறாதாம். ஒரு நாள் பால் பொங்கியபோதும் கையை மட்டும் உயர்த்தி, "இரு, இரு" என்றார். அடுப்படியிலிருந்து அத்தை கத்தினார்: "அங்க மிச்சம் புடிக்கிறது பூரா இங்க அடுப்புல வழியுது!"

அதற்காக அவரைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கஞ்சன் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் இருப்பான். மாமா எல்லாம் வாங்குவார். சொன்ன விலைக்கு மட்டும் வாங்க மாட்டார்.

சென்ற வாரம் அத்தையின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. ஒரு கால் உடைந்து, ஒரு வில்லையில் விரிசல். அத்தை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறார். உடைந்த காலுக்கு மாமா கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். அன்றே நல்ல கண்ணாடியாகத் தேடிக் கூடையில் போட்டார்.

இரண்டு நாள் ஆயிற்று. மூன்று. நான்கு. கூப்பன் வரவில்லை. ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவர், இந்த முறை மட்டும் மணிக்கு ஒரு தரம் கூடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆசைப்படுகிற ஆளுக்கு எந்தக் கடைக்காரன் விலையைக் குறைப்பான்?

புதன்கிழமை மாலை அத்தை வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். அப்பவும் காலர் கோணலாப் போனா, மெஷினை விட்டுட்டு பேக்கிங்குக்குப் போயிடணுமாம்."

பதினோரு வருடமாக அவர் உட்காரும் மெஷின் அது. பேக்கிங்கில் சம்பளம் குறைவு. நாள் முழுக்க நிற்கவும் வேண்டும்.

மாமா சட்டையை எடுத்து மாட்டினார்.

"எழுந்திரு."

"எங்கங்க?"

"கண்ணாடிக் கடைக்கு."

"அப்ப கூப்பன்?"

"அது வர்றப்ப வரட்டும். நீ எழுந்திரு முதல்ல."

நானும் கூடப் போனேன். கண்ணைப் பரிசோதித்து, ஒரு மணி நேரத்தில் வில்லை பொருத்திக் கொடுத்தார்கள். அத்தை புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்துப் பார்க்கச் சொல்லி ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

"சார், போன் நம்பர் சொல்லுங்க. பத்து சதவீதம் கொறையும்" என்றாள் கல்லாவில் இருந்த பெண். "சார், உங்களைத்தான்" என்றாள் மறுபடியும்.

மாமாவின் காதில் அது விழவே இல்லை. அத்தை அட்டையின் கடைசி வரிக்கு வந்திருந்தார். எறும்பு எறும்பாக இருந்த எழுத்துகளை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். எழுத்தே தெரியாத தூரத்தில் நின்றிருந்த மாமாவின் உதடுகளும் அவரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.