சாலையைப் பார்த்துக் கட்டிய ஒலிபெருக்கி

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. வாகனங்கள் நிறுத்தும் தளத்தில் நாற்காலிகளைப் போட்டு, தூண்களில் சீரியல் விளக்குகளைச் சுற்றியிருந்தார்கள். வயதில் மூத்தவன் என்பதால் எனக்கு முதல் வரிசையில் இடம். வரவேற்புரை ஆற்ற வந்தவர் மூன்றாம் மாடி இளைஞர். பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்லும் நல்ல பிள்ளை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் நின்றிருக்கும் நண்பர்களே, நுழைவுச்சீட்டு வாங்காமலேயே ஆண்டு முழுவதும் அங்கே தங்கியிருக்கும் சிங்கப் பெருமக்களே...”

தளம் முழுவதும் சிரிப்பு. இளைஞர் கையை உயர்த்தி அமர்த்தினார். “இது என்னோட லைன் இல்லைங்க. இந்த ஏரியாவுல முன்னாடி தணிகாசலம் சார்னு ஒருத்தர் இருந்தாராம். ஜூவுல கச்சேரி நடக்கறப்ப அவர்தான் இப்படி ஆரம்பிப்பாராம். என் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்ந்து, “பையன் நல்லா பேசறான்ல சார்?” என்றார். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்வது என் வயதுக்கு அழகில்லை. உங்களிடம் சொல்லலாம் நண்பரே. அந்த வரி தணிகாசலத்தினுடையது அன்று. என்னுடையது.

வண்டலூரில் நான் மனை வாங்கியபோது அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். “மிருகக்காட்சிசாலை எதிர்லயா? நீ அதுங்களப் பார்க்கப் போவியா, அதுங்க உன்னப் பார்க்க வருமா?” என்றார் என் பிரிவுத் தலைவர். குடிவந்த முதல் விடியலில் சிங்கத்தின் கர்ஜனை கேட்டு என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத்தில் அந்தக் குரல் பால்காரரின் மணியைப் போலப் பழகிவிட்டது. காற்று திசை மாறும் நாட்களில் ஈர வைக்கோலும் விலங்குகளின் நெடியும் கலந்து ஒரு வாசனை வரும். மனைவி அவசரமாகக் கொடித் துணிகளை உள்ளே எடுப்பாள். இப்போது அந்த வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு வைக்கோல் நினைவுக்கு வருவதில்லை. ஜமக்காளம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த ஜமக்காளத்தைச் சுமந்தவர் தணிகாசலம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். என் அலுவலகத்திலேயே வேறு பிரிவு. காலையில் வண்டலூரிலிருந்து எழும்பூர் வரை மின்ரயிலில் எதிரெதிரே அமர்வோம். எத்தனை ஆண்டுகள் பழகியும் அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார். இருவருக்கும் இசை கேட்கும் பித்து. ரயில் தாம்பரத்தில் நிற்கும்போது ஏறும் கூட்டத்தில் கால் மிதிபட்டாலும் அவர் விரல்கள் முழங்காலில் தாளத்தை விடுவதில்லை.

இலவசக் கச்சேரி என்ற எண்ணம் அந்த ரயிலில்தான் பிறந்தது. பட்டணத்துச் சபாக்களில் கேட்டுவிட்டு வீடு திரும்ப ரயில் கிடைப்பதில்லை. நம் ஊரில், பங்குனியில் ஒரு ஞாயிறு மாலை, மிருகக்காட்சிசாலையின் முன்புறப் புல்வெளியில் நடத்தினால் என்ன? குடியிருப்புகளைச் சேர்ந்த சிலரைக் கூட்டி ஒரு ரசிகர் குழு அமைத்தோம். அனுமதி கேட்டு நானே எழுதினேன். அங்கிருந்த அதிகாரி பண்பாளர். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். விலங்குகள் மிரளக் கூடாது. எனவே ஒலிபெருக்கிக் குழாய் கூண்டுகளின் பக்கம் பார்க்கக் கூடாது, சாலையைப் பார்த்தே கட்ட வேண்டும். சாலையைப் பார்த்துக் கட்டினால் அது நேராக எங்கள் தெருவைப் பார்க்கும். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த மாலைகளை எப்படிச் சொல்வது? புங்க மரங்கள் பூத்திருக்கும் பருவம். விரித்த ஜமக்காளத்தின் மீது பொரியைப் போலப் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். தட்டிவிட்டு உட்கார வேண்டும், உட்கார்ந்தால் தலையில் விழும். சுண்டல் வாசனை, மல்லிகை வாசனை, காற்று வாக்கில் அந்த வைக்கோல் வாசனை. குடியிருப்புக் குடும்பங்கள் முன்னால். வேலை முடிந்து மண்வெட்டியுடன் வந்த மனிதர்கள் பின்னால். பாடுபவர் செம்பாக்கத்தைச் சேர்ந்த இசையாசிரியை. சன்மானம் கேளாமல் வருவார். ஒருமுறை அவர் மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்றபோது உள்ளேயிருந்து ஒரு மயில் அகவியது. அவர் பாட்டை நிறுத்திப் புன்னகைத்து, அது முடித்த இடத்திலிருந்து எடுத்துப் பாடினார். தணிகாசலம் என் தொடையில் ஓங்கி அடித்தார். அது அவருக்குத் தம் தொடை என்ற நினைப்பு.

வரவேற்புரை என் பொறுப்பு. நம் மேடைகளில் அதற்கொரு முறை உண்டு. ஒவ்வொருவரையும் அவரவர் தகுதிக்கேற்ற அடைமொழியோடு, வரிசை பிறழாமல் விளிக்க வேண்டும். ஒருவரை விட்டால் ஆண்டு முழுவதும் பகை. நான் ரயிலில் ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பேன், தணிகாசலம் கேட்பார். சிங்கப் பெருமக்களை விளிக்கும் வரியும் அப்படி ஒரு காலையில்தான் தோன்றியது. அவர் சிரித்த சிரிப்பில் எதிரில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். உரையின் முடிவில், பலரும் கவனிக்காத ஒரு வரி வரும்: “இந்த மாலையைத் தம் தோளில் சுமந்து வந்து இங்கே இறக்கி வைத்திருக்கும் என் நண்பர் தணிகாசலம் அவர்களுக்கு...” அந்த இடத்தில் அவர் மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

உரை ஆண்டுக்காண்டு வளர்ந்தது என்பதை மறுக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு வர்ணத்தின் அளவில் இருந்தது. பிறகு அது முடிவதற்குள் ஒரு ராகம் தானம் பல்லவியையே பாடிவிடலாம் என்றாயிற்று.

ஓர் ஆண்டு, கச்சேரிக்குச் சில நாட்கள் இருக்கையில் தணிகாசலம் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“இந்த வருஷம் கச்சேரி இல்ல சார். அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். கேன்சல் பண்ணிட்டோம்.”

“அடடா. பாடற தொண்டை ஆச்சே. டாக்டரைப் பார்த்தாங்களா?”

“பார்த்துக்கினுதான் இருக்காங்க சார்.”

என் மனைவி உள்ளே போய்ச் சித்தரத்தையை இடித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். “தேன்ல கொழச்சுச் சாப்பிடச் சொல்லுங்கண்ணா.” அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மாலை மொட்டை மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தோம். மைக்செட் பாபுவின் குரல், “அலோ, அலோ” என்று காற்றில் வந்தது. ஏதோ கல்யாணம் என்று நினைத்தேன். பிறகு, “முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே...”

“தணிகாசலம் அண்ணா குரலாச்சே?” என்றாள் மனைவி.

“ஆமாம்.”

சிங்கப் பெருமக்கள் வந்தார்கள். கூட்டம் சிரித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, இது நீங்க எழுதினதாச்சே?”

“வடாம் உடையப் போகுது. பார்த்து எடு.”

அடைமொழிகளைப் பாதியாகக் குறைத்திருந்தார். மற்றபடி நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தினார். நான் ஏற்றிய இடங்களில் ஏற்றினார். ரயிலில் அத்தனை நாட்கள் கேட்டவரல்லவா? இறுதியில் அந்த வரி வர வேண்டிய இடம் வந்தது. தம்மைத் தாமே பாராட்டிக்கொள்ள முடியாது. ஆகவே அங்கே என் பெயரைச் சொல்வார் என்று, வடாமைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு தம்பூரா கேட்டது. அந்த அம்மாளின் தொண்டையில் ஒரு பழுதும் இல்லை. மங்களம் வரைக்கும் மாடியில் நின்று கேட்டேன். ரோஷம் வேறு, ரசனை வேறு.

மறுநாள் நிலைய வாசல் டீக்கடையில் பாபு எதிர்ப்பட்டான். “இன்னா சார், ஒடம்பு இப்ப தேவலாமா?”

“எனக்கென்ன உடம்புக்கு?”

“தணிகாசலம் சார்தான் சொல்லிக்கினு இருந்தாரு, உங்களுக்கு ஜொரம்னு.” கிளாஸைச் சுழற்றினான். “ஒண்ணு சார், தப்பா நெனச்சுக்காத. நேத்து பாட்டு டைமுக்கு ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

நடைமேடையில் தணிகாசலம் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். குழாய் எந்தப் பக்கம் பார்க்கும் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“கமிட்டில எல்லாரும் பேச்சக் கொறைக்கணும்னாங்க சார். உங்ககிட்ட யாரு சொல்றது? உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“நீங்க சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ஒதுங்கிடுவீங்க சார்.”

“சித்தரத்தைய அந்தம்மாகிட்ட குடுத்தீங்களா?”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். ரயில் வந்தது. அவர் முன்பெட்டியில் ஏறினார். நான் பின்பெட்டிக்கு நடந்தேன். அதன்பின் ஓய்வுபெறும் வரை அப்படித்தான்.

ஒதுங்கியிருப்பேன், உண்மைதான். ஆனால் கௌரவமாக, நானே அறிவித்து ஒதுங்கியிருப்பேன். வரியை எடுத்துக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம். வரிகள் காற்றில் போகிறவை. என் வீட்டுப் படியில் நின்று, என் மனைவி இடித்த பொட்டலத்தைக் கைநீட்டி வாங்கினாரே, அதற்குத்தான் இன்று வரை என்னிடம் சமாதானம் இல்லை.

அதன் பிறகும் சில பங்குனிகள் கச்சேரி நடந்தது. நான் போகவில்லை. ஆனால் அந்த ஞாயிறுகளில் எனக்கு மொட்டை மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அந்த மூச்சு கேட்டது. என் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. வேறு எவர் பெயரையும் அவர் அங்கே வைக்கவும் இல்லை.

பிறகு குழு கலைந்தது. ஆசிரியை மகளோடு வெளியூர் போனார். தணிகாசலம் படப்பையில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே காலமானார். எல்லாம் முடிந்த பிறகுதான், காய்கறிக் கடையில் யாரோ சொல்ல எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் பலருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. என் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டை இடித்து இந்த அடுக்குமாடியைக் கட்டினோம். எதிரிலும் பக்கத்திலும் இதே போன்றவை எழுந்துவிட்டன. சாலை இரைச்சலில் விடியற்காலைக் கர்ஜனை கேட்பதில்லை. காற்று மாறினாலும் வாசனை வருவதில்லை. அன்று விழா முடிந்ததும் அந்த இளைஞர் வந்து, “எப்படி சார் இருந்தது ஸ்பீச்?” என்று கேட்டார்.

“நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு வரி விட்டுப் போயிற்று.”

“என்ன வரி சார்?”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.