துவைக்காமல் விட்ட யூனிஃபார்ம்

எனக்கு வந்த நோயை நான் முதலில் நம்பவில்லை. அதைச் சொன்ன டாக்டரையும் நம்பவில்லை. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் நல்லா இருக்கிறவர்களையும் படுக்கப் போட்டுத்தான் அனுப்புவார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இருந்ததெல்லாம் மூச்சிரைப்பு. மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நின்றுவிடுவேன். அதற்கு வலது விலாவில் ஊசியைச் செருகி, மஞ்சளாக இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்தார்கள். அப்புறம் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நுரையீரலைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம், அதில் புற்றுநோய் என்றார்கள். அப்படி ஒரு உறை எனக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். "உங்க வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரையா?" என்று கேட்டார். இல்லை, தளம் போட்ட வீடு என்றேன். அடுத்து என் வீட்டுக்காரரிடம் திரும்பி எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டார். பிரேக் லைனிங் செய்கிற கம்பெனி, கிரைண்டிங் செக்ஷன், இருபத்திரண்டு வருஷம் என்றார் இவர்.

"உங்க வேலைத் துணியை யார் துவைப்பாங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கெலமங்கலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான்தான் துவைக்கிறேன், வேறு யார் துவைப்பார்கள்?

பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பார்கள், சட்டையோடு வீட்டுக்கு வருகிற அந்தத் தூசியை மூச்சில் இழுத்தாலே இந்த நோய் வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த யூனிஃபார்மைத் துவைக்க ஒரு முறை உண்டு. நேராகத் தண்ணீரில் போடக் கூடாது. போட்டால் தூசியெல்லாம் சேறாகித் தையலில் அப்பிக்கொள்ளும். முதலில் கொல்லையில் நின்று, சட்டையின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து, நாலைந்து தடவை பலமாக உதற வேண்டும். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி கிளம்பும். பாக்கெட்டை வெளியே இழுத்து, மூலையில் பஞ்சு மாதிரி திரண்டிருப்பதைக் கொண்டை ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். அதற்கு மேல்தான் ஊறவைப்பது. இதைத் தெருவில் புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு நானே பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் அப்படியேதான் உதறியிருப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தூசிக்குள்ளேயே நின்றவருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கம்பெனி கேட்டைக்கூடத் தாண்டாத எனக்கு வந்துவிட்டது. அவர்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்ததும் அப்போதுதான். இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்றைக்கு மட்டும் மாஸ்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன மனுஷர் அவர். அப்படியானால் இவருக்கு விஷயம் தெரியுமா? தெரிந்தே சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாரா? கேட்கவில்லை. அவர் சொல்லும் பதிலையும் நம்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை. அது தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாடியே வைட்டமின் ஊசி போட்டார்கள், தினமும் ஒரு மாத்திரையும் எழுதினார்கள். புற்றுநோய்க்கு வைட்டமினா, யாரை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். மருந்து உடம்பைப் படுத்தாமல் இருக்கத்தான் அது என்று நர்ஸ் விளக்கினாள். சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே மருந்துக் கடையில் இன்னொரு தடவை விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டிலில் ஒட்டியிருக்கிற என் பேரைப் படித்துக் காட்டச் சொல்வேன். அவள் சலித்துக்கொள்ளாமல் படிப்பாள். காலையில் ஏற்ற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாக இறங்கும். வீட்டுக்கு வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கும். களி கிண்டிய சட்டியின் வாடைகூடக் குமட்டும்.

இரண்டாவது கீமோ முடிந்த சமயம், கம்பெனியின் பழைய சூப்பர்வைசர் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். இப்போது ஜூஜுவாடியில் கான்ட்ராக்ட் ஆட்கள் பிடித்துக் கொடுக்கிறவர். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவருக்கு இப்போது என்ன கரிசனம்? என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என் வீட்டுக்காரரோடு வாசலில் பைக் பக்கம் போய் நின்றார். இரண்டு பேரும் தெலுங்கில் குசுகுசுவென்று பேசினார்கள். இந்த ஊரில் பாதிப்பேச்சு தெலுங்குதான், எனக்குப் புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. கோர்ட்டு என்ற சொல் காதில் விழுந்தது. "மனகெந்துகு?" என்று சூப்பர்வைசர் கேட்டதும் விழுந்தது. நமக்கெதற்கு என்று அர்த்தம். சாத்துக்குடியை நான் தொடவில்லை. அதற்கப்புறம் இவருக்குப் போன் வந்தால் தெருமுனை வரைக்கும் நடந்துகொண்டே பேசினார்.

கோர்ட்டு என்று அவர்கள் பேசியது, கம்பெனிமேல் நஷ்டஈடு கேட்டு நான் போடவிருந்த வழக்கைத்தான். பெண்களுக்கு வக்கீல் இலவசம் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்ல, கிருஷ்ணகிரிக்குப் போய் எழுதிக் கொடுத்திருந்தேன். சும்மா கிடைக்கிற வக்கீல் எப்படி இருப்பார் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஸ்கூட்டியில் வந்து இறங்கியது என் மகள் வயசுப் பெண். போச்சு என்று நினைத்தேன். ஆனால் காகிதம் முழுவதையும் ஒரு வரி விடாமல் படித்தாள். இவரை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அவர் அங்க வேலை பார்த்ததுக்கு ஆதாரம் இருக்கு. நீங்க அங்க வேலை பார்க்கலையேம்மா. வீடு வரைக்கும் தூசி வந்துச்சுன்னு எப்படிக் காட்டறது? அந்தக் காலத்துத் துணி ஏதாவது இருக்கா? துவைக்காதது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டில் துவைக்காத துணியா? சிரித்து முடிப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

கம்பெனியை மூடிய நாள் இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்மைக் கழற்றி, "நாளன்னிக்குக் கூப்பிடுவாங்க, தொவைச்சு வை" என்றார். வேறு கம்பெனி பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தவள் நான். வந்த கோபத்தில், "கூப்புட்டா அப்பத் தொவைச்சுக்கலாம்" என்று சுருட்டி, யூரியா பையில் திணித்து, வாயைக் கட்டிப் பரண்மேல் எறிந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பை அங்கேயே கிடந்தது. நான் துவைக்காமல் விட்ட ஒரே யூனிஃபார்ம் அதுதான்.

வக்கீல் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "பையைப் பிரிக்காதீங்க, தொடவே தொடாதீங்க. அடுத்த கீமோ முடியட்டும், நானே வந்து எடுத்துக்கறேன். லேபுக்கு அனுப்பணும்" என்றாள். எங்களிடம் இருக்கிற பெரிய சாட்சி அந்தச் சட்டைதான் என்றும் சொன்னாள்.

இதை இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும் என்று பயந்தேன். பரணைப் பார்ப்பதும் படுப்பதுமாக இருந்தேன்.

மூன்றாவது கீமோ முடிந்த மறுநாளுக்கு மறுநாள். வெயில் ஏறிய பிறகுதான் கண் விழித்தேன். பழக்கத்தில் பரணைப் பார்த்தேன். பை இல்லை.

இவர் வீட்டில் இல்லை. போன் போட்டால் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். விலை போய்விட்டார் என்றே முடிவு கட்டினேன். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆளுக்குத் துவைத்துப் போட்ட கைக்கு இதுதான் மிச்சமா என்று வாய்விட்டு அழுதேன். அழுகையில் குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

கொடியில் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, பேன்ட்டுக்கு இரண்டு கிளிப் மாட்டியிருந்தது. பாக்கெட்டுகளை வெளியே இழுத்துத் தேய்த்திருந்தார். மூலையில் ஒரு தும்புகூட இல்லை. துவைக்கிற கல்மேல் என் கொண்டை ஊசி கிடந்தது.

அந்நேரம் அவர் எனக்காகத் தயிர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?" என்று கத்தினேன். கத்துவதற்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அவர் திகைத்துப்போனார். "வக்கீலம்மா போன் பண்ணாங்க. நீ தூங்கினிருந்த. நாளைக்கு யூனிஃபார்ம் வாங்க வராங்களாம். கோர்ட்டுல வைக்கிற துணியை அழுக்கோட எப்பிடிக் குடுக்கறது? உன்ன எழுப்ப மனசு வரல. அதான் நானே தொவைச்சேன்."

"போன்ல யாரோட பேசினிருந்தீங்க?"

"சூப்பர்வைசர்தான். சாட்சி சொல்ல வாங்கன்னு ஒரு மாசமா கெஞ்சறேன். நமக்கெதுக்குன்னு நழுவிக்கினே இருக்காரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, ஒன்று சொன்னார். "நீ செய்யற மாதிரியேதான் செஞ்சேன். இங்க நின்னு நல்லா உதறிட்டுத்தான் ஊறப்போட்டேன். எத்தினி தூசி தெரியுமா, கண்ணே தெரியல!"

திட்ட வாயெடுத்தவள், அவர் மூக்கைத்தான் பார்த்தேன்.

"மூக்கைக் கட்டிக்கினீங்களா?"

"எதுக்கு?"

தொட்டியிலிருந்து பக்கெட்டில் தண்ணீரை அள்ளி, அவர் நின்று உதறிய இடத்தில் ஊற்றினேன். பாதி பக்கெட்டுக்குமேல் என்னால் தூக்க முடியவில்லை. அடுத்த பாதியை, சட்டையோடு நின்றவரின் தலையிலேயே ஊற்றினேன். "பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றார். மூக்கைச் சிந்துங்கள், வாயைக் கொப்பளியுங்கள் என்று அவர் முதுகில் அடித்தேன். அப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வக்கீல் சொன்னதையும், நான் மறைத்ததையும், ஏன் மறைத்தேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பையை அவர் தொட்டிருக்கவே மாட்டார். அவர் ஈரத்தோடு நின்று கேட்டார்.

மறுநாள் வக்கீல் பெண் வந்தாள். மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. தையல் மடிப்பில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், அனுப்பிப் பார்க்கலாம் என்று கவரில் போட்டு ஒட்டினாள். எழுதிக்கொள்வதற்காகப் பேனாவை எடுத்து, "யாரும்மா துவைச்சது?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றேன். "பழக்கம், கை சும்மா இருக்கல."

ஊசி குத்திக் கருத்து வீங்கியிருந்த என் கையை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.