கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரம்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நான் பேய் பிசாசை நம்புகிறவனே இல்லை. ஆஸ்டின் டவுனில் வீடு, விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, நட்டையும் போல்ட்டையும் நம்பிப் பிழைத்தவன். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், அவ்வளவுதான் என் வேதம்.

ஐம்பதுகளில் ஒரு நாள் காலை கோயமுத்தூரிலிருந்து தந்தி. என் தங்கை பிலோமினாவின் மகள் ஸ்டெல்லா, ஆறு வயது, தொண்டை அடைப்பான் வந்து மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், ஊசி மருந்து அங்கே இல்லை. எங்கள் ஊர்க் கண்டோன்மெண்டில் மருந்துக் கடை கடையாக அலைந்து வாங்கிவிட்டேன். ஐஸிலேயே இருக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். ரயிலென்றால் ஒரு ராத்திரி, குழந்தை தாங்காது. எங்கள் ஃபோர்மன், புண்ணியவான், யார் யாரையோ பிடித்து மத்தியான டகோட்டா விமானத்தில் ஒரு சீட் வாங்கிக் கொடுத்தார்.

பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஐஸ், நடுவே மருந்து. ஆகாய வழியில் நூற்று நாற்பது மைல், ஒரு மணி நேரம். ஐஸ் ஒரு நாள் முழுக்க நிற்கும், கவலையில்லை என்று கணக்குப் போட்டுத்தான் ஏறினேன். அன்று காலைதான் சவரம் செய்திருந்தேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெப்பர்மிண்டும் காதுக்குப் பஞ்சும் கொடுத்தார்கள். நான் பஞ்சை வைக்காமல் ஃபிளாஸ்க்கைக் காதருகே ஆட்டிக்கொண்டே இருந்தேன், கலகலவென்று ஐஸ் உருண்டால்தான் எனக்கு உயிர் வந்தது. "சும்மா ஏன் சார் ஆட்டறீங்க, கீழ வெச்சுடுங்க" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். கையும் வலித்தது, வைக்கப் போனேன், ஏனோ வைக்கவில்லை. வெளியே வெறும் மேகம். எவ்வளவு நேரம் போனோமோ, வயிறு கபகபவென்று எரிந்தது, மறுபடி ஆட்டினேன், சத்தமில்லை. திறந்து விரலை விட்டால் வெதுவெதுப்பான தண்ணீர். ஐயோ, பிள்ளை போய்விடுமே என்று பதறி முகத்தைத் துடைத்தேன், நம்பினால் நம்புங்கள், சொரசொரவென்று இரண்டு நாள் தாடி. திரும்பிப் பார்த்தால் ஆண்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பீளமேடு விமான நிலையத்தில் இறங்கியபோது சுவர்க் கடிகாரப்படி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் ஃபிளாஸ்க்கை வாங்கித் திறந்து பார்த்து, "எப்பய்யா கிளம்பின?" என்று எரிந்து விழுந்தார்.

"ஒரு மணி நேரம் முன்னாடிதான் சார்."

என் தாடியைப் பார்த்தார், நம்பவில்லை. "வேற மருந்து இல்ல, இதையே போட்டுப் பாக்கறேன், கடவுள் விட்ட வழி" என்று உள்ளே போனார். தொற்று நோய் என்று என்னை வார்டுக்குள் விடவில்லை. ராத்திரி முழுக்க வெளியே உட்கார்ந்து பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லாவுக்குக் குரல் வந்தது. கதவுக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்தது.

"மாமா எங்கம்மா போயிட்டாரு? ரெண்டு நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தாரே."

"மாமா நேத்துதான் கண்ணு வந்தாரு, உள்ளயே வரல" என்றாள் பிலோமினா.

"இல்ல. நான் கண்ண மூடினா ஃபிளாஸ்க்க ஆட்டுவாரு, கலகலன்னு கேக்கும், முழிச்சுக்குவேன். சத்தம் நின்னதும் எழுந்து போயிட்டாரு."

அந்தப் பிள்ளை என் ஃபிளாஸ்க்கைக் கண்ணால் கண்டதில்லை. இன்று அவள் கல்யாணமாகி ஜீவனஹள்ளியில் இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் இதையேதான் சொல்கிறாள். எனக்குத் தூக்கம் கெடுவது அதனால் அல்ல. பக்கத்து சீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்திருந்தால்?