சிவப்பு வெளிச்சமும் எங்கள் வீட்டு டியூப் லைட்டும்

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் என் கணவர் சினிமா பார்க்க மாட்டார், கறி தொட மாட்டார், தாடிகூட மழிக்க மாட்டார். அவ்வளவு பக்தி! ஆனால் காலையில் சிதம்பரத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு கிரில் கேட்டை வெளியே பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதை மட்டும் விட்டதில்லை. கேட்டால், "காலம் கெட்டுக் கெடக்கு. ஒன் நல்லதுக்குத்தான்" என்பார்.

கல்யாணத்துக்கு முன் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஈஸ்டர் முடிந்த வாரத்துக்குள் வந்தால் பழைய வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆள் என்று தலைமையாசிரியை போனில் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி" என்றாள். நன்றாக இருந்தது போங்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவருக்கு விடுமுறை. சிதம்பரத்துக்கு ஒரு பேய்ப் படம் பார்க்க என்னை அழைத்துப் போனார். புருஷனே சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட ஒருத்தி, வெளியே வந்து பழிவாங்குகிற கதை. படம் முழுக்க வானமே கிடையாது. எல்லாம் அடர்ந்த சிவப்பு. ஒரு கதவைத் திறந்தால் மறுபடியும் அதே அறை. சுவர் மூச்சு வாங்குகிறது, ரத்தம் தரையிலிருந்து கூரைக்குச் சொட்டுகிறது. கெட்டவன் முகத்துக்குக் கீழேயிருந்து பச்சை வெளிச்சம். அவள் பார்த்தாலே பூட்டு மெழுகாக உருகுகிறது. எடுத்தவன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. அடைபட்டுக் கிடப்பது சிவப்பாகவா இருக்கும்? வெள்ளை வெளேரென்று டியூப் லைட் எரியும். குக்கர் விசில் அடிக்கும். வாசலில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்தான். பார்த்தால் என்னவென்று சொல்வது? வெட்கம் வாயை அடைத்துவிடும்.

படத்தில் அந்தப் புருஷன் சாகும்போது இவர் விசில் அடித்தார். "அப்டித்தான் போடணும்! பொண்டாட்டியப் பூட்டி வச்ச நாயி!" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் வேறு சொன்னார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சாவி கிடக்கும் அவர் பாக்கெட்டைப் பார்த்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் பூட்டினார். ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் பங்குக் கோயில் சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்றைக்கு எங்கள் தெருவின் முறை.

"சாமி வந்தா சத்தம் குடுக்காத. ஆள் இல்லன்னு போயிடுவாங்க" என்று கம்பிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிவாக்கில் பாட்டுச் சத்தம் கேட்டது. சாமியார், அவருக்கு உதவியாக உபதேசியார், கூடவே தெருப் பெண்கள். நான் கிரில்லுக்கு உள்பக்கம் இருந்த மரக்கதவைச் சாத்திக்கொண்டு அதன் பின்னால் நின்றேன்.

"பூட்டிருக்கு சாமி, அவுங்க ஊர்ல இல்ல போல. அடுத்த வூட்டுக்குப் போலாம்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

செருப்புச் சத்தம் நகர்ந்தது. இதையும் விட்டால் வேலை அவ்வளவுதான். மரக்கதவைத் திறந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"சாமி! நான் உள்ளதான் இருக்கேன்! டெய்லி உள்ளதான் இருக்கேன்!"

எல்லோரும் திரும்பி வந்தார்கள். சாமியார் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாவி எங்கம்மா?"

"அவருகிட்ட இருக்கு. சிதம்பரத்துல."

சாமியார் அங்கேயே நின்று என் கணவருக்குப் போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னப்பா, வீடு மந்திரிக்க வந்தோம். பூட்டிருக்கே?"

"ஸ்தோத்திரம் சாமி! அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்கா சாமி. உள்ள யாருமில்ல."

கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். தெருவே என்னைப் பார்த்தது. சாமியார் போனை அணைத்தார். உபதேசியார் சுத்தியல் கேட்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். நான் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், இன்னிக்கே வந்துர்றேன்."