லுஹர் நேரத்துச் சிவப்புக் கோடு

சேர்வர் பார்க்கிறவனுக்குப் பாதி வேலை, சேர்வரைப் பற்றிக் கண்காணிப்பு மென்பொருள் சொல்லும் பொய்யைப் பிடிப்பதுதான். இதே தொழிலில் தலை காய்ந்த தோழர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் பல்கலைக்கழகம் போனவன் அல்ல. துண்டுப்பிரசுரம் வாசித்து வளர்ந்தவன், பிறகு அதை எழுதியவன். வேலைநிறுத்தம் செய்ததற்காக பஸ் டிப்போவிலிருந்து துரத்தப்பட்டேன். சங்கத்துக் கம்பியூட்டரில் பிரசுரம் தட்டச்சுச் செய்யப் போய் கம்பியூட்டரும் பழகிக்கொண்டேன். இப்போது சாய்ந்தமருதில், வெளிநாட்டுக் கம்பனிகளுக்குத் தரவு பதியும் ஓர் அலுவலகத்தில் சேர்வர் பார்க்கிறேன். அதற்காக நான் யாருக்கும் தலை குனிந்ததில்லை.

நானூறு வீதம்

மென்பொருளைப் போட்ட புதிதில் ஒரு காலை மெனேஜர் நசீர் ஓடி வந்தார். புரொசசர் சுமை நானூறு வீதம் என்று திரை காட்டியது. நூறுக்கு மேல் எப்படி வரும், மெஷின் எரியப் போகிறதா என்று கேட்டார். எங்கள் சேர்வரின் புரொசசருக்கு உள்ளே நான்கு கூறுகள் வேலை செய்கின்றன. மென்பொருள் நான்கின் சுமையையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டியிருந்தது. அமைப்பை மாற்றியதும் எண் இறங்கியது. ஆனால் நசீருக்கு அந்தத் திரை பிடித்துப்போயிற்று. தன் அறைச் சுவரிலும் ஒன்றை மாட்டச் சொன்னார். ஆணி அடித்துக்கொண்டே, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் என் உதவியாள் அஸ்மி சொன்னான்:

"நாலு பேர்ட வேலைய ஒரு ஆள்ட பேர்ல எழுதுறது மெனேஜர்மார்ட பழக்கம், காக்கா. இப்ப மெஷினும் பழகிட்டு."

கதிரையில் இருந்தவள்

சுவரில் ஏறிய திரை சும்மா இருக்குமா? ஒவ்வொரு நாளும் லுஹர் என்கிற நண்பகல் தொழுகை நேரத்தில் கோடு சிவந்து மேலே ஏறுவதை நசீர் கண்டார். அந்த நேரம் ஆண்கள் எதிரே உள்ள பள்ளிவாசலுக்குப் போவோம், பெண்கள் தொழ மாடி அறைக்குப் போவார்கள். ஆளில்லாத நேரத்தில் யார் சேர்வரை இப்படி வேலை வாங்குவது? திரும்பி வரும்போது, தரவு பதியும் றிஸானா கதிரையிலேயே இருப்பதை அந்தக் கிழமையில் சில நாட்கள் அவர் கண்டிருந்தார். வாடிக்கையாளர் தரவை அவள் களவாகப் பிரதி எடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு நாள் காலை எங்கள் எல்லோர் முன்னும் அவளைக் கூப்பிட்டு, தொழப் போகாமல் என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகை இல்லை. அங்கே நின்ற ஒவ்வோர் ஆணுக்கும் அது தெரியும். ஆனால் ஆண்கள் மத்தியில் ஒரு பிள்ளை அதை எப்படி வாய் திறந்து சொல்வாள்? டிப்போவில் எத்தனையோ விசாரணைகளில் இருந்தவன் நான். சொல்ல முடியாததைக் கேட்டுவிட்டு, மௌனத்தைக் குற்றமாக எழுதுவது பழைய தந்திரம். நசீருக்கு அது தந்திரம் என்றுகூடத் தெரியாது.

"பேசாம நிண்டா நான் என்னண்டு விளங்குற? நாளைக்கு வேலைய விட்டு நிப்பாட்டுற கடிதம் தாறன்."

வரிசையில் நின்றவை

அன்று லுஹருக்கு நான் பள்ளிவாசலில் எல்லோரும் சேர்ந்து தொழும் ஜமாஅத்துக்குப் போகவில்லை. பிறகு தனியாகத் தொழுதேன். றிஸானாவின் கம்பியூட்டரை அணைத்துவிட்டு, சேர்வருக்கு முன்னால் அஸ்மியோடு உட்கார்ந்தேன். பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் கோடு ஏறியது. சேர்வருக்குள் நேரடியாகப் பார்த்தால் புரொசசர் ஏறக்குறையச் சும்மா கிடந்தது.

ஆள் இல்லாத நேரம் என்பதால், எனக்கு முன் சேர்வர் பார்த்தவர்கள் அன்றாடத் தரவைப் பிரதி எடுக்கும் வேலையை லுஹருக்குத் தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தார்கள். டிஸ்க் பழையது, மெதுவாக எழுதும். அது எழுதி முடிக்கும்வரை மற்ற வேலைகள் காத்து நிற்கும். காத்து நிற்பவற்றையும் சேர்த்து எண்ணி, 'புரொசசர் சுமை' என்ற தலைப்பின் கீழ் காட்டியது மென்பொருள். உங்கள் திரையிலும் இப்படி ஏறினால், தோழர்களே, ஆளைத் தேடுமுன் டிஸ்க்கைத் தேடுங்கள். அஸ்மிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது:

"பெற்றோல் லைன்ல நிண்ட சனத்த எண்ணிட்டு, இவ்வளவு பேருக்கும் பெற்றோல் அடிச்சிட்டம் எண்டு செல்ற மாதிரி."

கடிதம்

மறுநாள் லுஹருக்குச் சற்று முன் நசீரின் மேசையில் கடிதம் கையெழுத்தோடு கிடந்தது. முன்னால் றிஸானா நின்றாள். "அவ ஒண்டும் கதைக்கத் தேவல்ல, நான் கதைக்கிறன்" என்று உள்ளே போனேன். அவள் மாடியில் எல்லாப் பெண்களோடும் தொழுத நாட்களின் கோட்டைக் காட்டினேன். அந்த நாட்களிலும் அதே உயரம், அதே சிவப்பு. பிறகு, பிரதி எடுக்கும் வேலையை லுஹர் முடியும்வரை நிறுத்தி வைத்தேன். பாங்கு சொன்ன பிறகும் அவர் கண் முன்னாலேயே கோடு படுத்துக் கிடந்தது.

"சரி, மெஷின் பிழைதான். அப்ப இவ ஏன் தொழப் போகல்ல?" என்றார் மறுபடியும்.

"அதுக்குப் பதில் சேர்வர்ல இல்ல. வூட்ட போய் உங்கட பொஞ்சாதியக் கேளுங்க."

அவர் முகம் கறுத்தது. கடிதத்தைக் கிழித்தார், மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. படியில் இறங்கும்போது றிஸானா எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நின்று திரும்பிக் கேட்டாள்:

"மெஷின்ட பிழைய நீங்க பிடிச்சிருக்காட்டி, வேலையக் காப்பாத்த நான் காரணத்தச் செல்லித்தானே இருக்கணும், காக்கா?"

இப்போது டிஸ்க்குக்கு ஒரு கோடு, புரொசசருக்கு ஒரு கோடு என்று திரையில் பிரித்துப் போட்டுவிட்டேன், தோழர்களே; கேட்கக் கூடாததைக் கேட்கிறவர்களை எந்தக் கோட்டில் போடுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.